தொலைவிலிருந்து ஓர் ஔஷதச் சீட்டு

மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினம் வரையுள்ள கடற்கரைக் குப்பங்களில் வசிப்பவர், ஸ்தூல சரீரத்தாலும் அதனோடு சேர்ந்து வரும் சர்க்கரை வியாதியாலும் அவதியுற்று விசேஷ வைத்தியரை நாடினால், செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ சென்னைக்கோ பஸ் ஏறியே தீர வேண்டும் என்றிருந்த நிலையை, 2020 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ விதிமுறைகளும், வீட்டிலிருந்தே வைத்தியரோடு பேச வழிசெய்த இ-சஞ்சீவனி சேவையும் ஓரளவு மாற்றின. 2025-இல் மவுஞ்சாரோ, வெகோவி என்னும் எடை குறைக்கும் ஊசி மருந்துகள் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபின், இவ்வசதிக்குப் புதியதொரு பிரயோஜனமும் கூடவே அபாயமும் ஏற்பட்டன.

வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் இவை பசியை அடக்கி, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. குமட்டலும் வாந்தியும் சகஜம். கணைய அழற்சி கண்டவரும், மெடுல்லரி என்னும் தைராய்டு புற்றுநோய் குடும்பத்தில் உள்ளவரும், கர்ப்பிணிகளும் அதை வைத்தியரிடம் மறைக்கலாகாது. எடையும் ரத்தப் பரிசோதனையும் கேளாமல், இரண்டு நிமிஷம் பேசிச் சீட்டு அனுப்புகிறவரை நான் வைத்தியராக மதிக்க மாட்டேன்; சீட்டில் அவருடைய பதிவு எண் இருக்கிறதா என்று அவசியம் பார்க்க வேண்டும்.

இன்னொரு விஷயம். பிரிக்காத மருந்தை 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைத்தாக வேண்டும். ஐப்பசி, கார்த்திகைப் புயலில் மின்சாரம் நின்றுபோகும் இக்கரையில், அப்போது செய்ய வேண்டியதை முதல் ஆலோசனையிலேயே கேட்டறிவது உத்தமம்.