கலைந்த கிட்டி சொல்லும் காரணம்

ஏரியூர்ப் பகுதியில் மானாவாரி நிலக்கடலை காய் பிடிக்கும்போது எலித் தொல்லை மிகும். தஞ்சாவூர்க் கிட்டியை ஏக்கருக்கு 40 வீதம் வைத்தும் எலி சிக்கவில்லையா? காலையில் கிட்டியைக் கவனியுங்கள்.

விசை விழாமல் பொரி மட்டும் காணாவிடில், எறும்பு தின்றிருக்கும். அல்லது விசை இறுக்கமாயிருக்கும். சிறிது தளர்த்துங்கள். விசை விழுந்தும் எலி சிக்காவிடில், கிட்டி ஆடியிருக்கும். அல்லது மூங்கில் வில் தளர்ந்திருக்கும். வில்லை மாற்றி, தரையில் அழுந்த ஊன்றுங்கள். கிட்டியே காணாவிடில், நாயோ நரியோ எலியோடு இழுத்துச் சென்றிருக்கும். முளையடித்துக் கட்டி, விடியுமுன் எலிகளை அகற்றிப் புதையுங்கள்.

மாலையில் வளைகளை மூடி, மறுநாள் திறந்திருக்கும் வளையருகில் மட்டும் வைப்பது நலம். முதல் இரண்டு இரவுகள் விசையேற்றாமல் பொரி வைத்தால் எலியின் அச்சம் தெளியும்.