இரண்டரைக் கிலோவுக்கு அப்பால்

எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறந்த செய்தி வந்தால், ஆணா பெண்ணா என்பதற்கு அடுத்து "எத்தின கிலோ?" என்றுதான் கேட்பார்கள். இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்தால் அது நிறை குறைந்த பிள்ளை. அதைத் தடுக்கத்தான் கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்குத் திரிபோஷா கொடுக்கிறார்கள். 1973இல் தொடங்கிய திட்டம். அதில் பாதி வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளின் வாய்க்குப் போவது வேறு கதை.

வயிற்றிலேயே ஊட்டம் கொடுத்து நிறையைக் கூட்டிவிட்டால், அந்தப் பிள்ளை நாற்பது வயதில் சீனி வருத்தத்துக்குத் தப்புமா?

நிறை குறைந்து பிறந்தோருக்குப் பின்னாளில் இதய நோயும் சீனி வருத்தமும் கூடுதலாக வருவதை, இங்கிலாந்தின் பழைய பிறப்புப் பதிவேடுகளைக் கொண்டு டேவிட் பார்க்கர் காட்டினார். உணவு போதாத கரு, கிடைப்பதை முதலில் மூளைக்குக் கொடுக்கிறது. தசையும் இன்சுலின் சுரக்கும் கணையமும் பின்னுக்குப் போகின்றன. அப்படியென்றால் தாய்க்கு ஊட்டினால் காரியம் முடிந்தது என்றே நானும் நினைத்திருந்தேன்.

புனேயில் டாக்டர் யாஜ்னிக் 1993இல் தொடங்கிய ஆய்வு அந்த எண்ணத்தைக் குழப்பியது. அங்குள்ள கிராமங்களில் பிறந்த பிள்ளைகளின் சராசரி நிறை ஏறக்குறைய 2.7 கிலோ, இங்கிலாந்துப் பிள்ளைகளுக்கு 3.5. ஆனால் புனேப் பிள்ளைகளில் குறைந்திருந்தது பெரும்பாலும் தசைதான். முதுகுத் தோலின் கீழுள்ள கொழுப்பு அந்தளவு குறையவில்லை. பார்வைக்கு மெலிவு, உள்ளே கொழுப்பு. தராசு இதைச் சொல்லாது.

மும்பைச் சேரிகளில் 2006இல் இன்னொரு சோதனை ஆரம்பமானது. கீரை, பழம், பால் சேர்த்த பலகாரத்தைப் பெண்களுக்குக் கருத்தரிக்கும் முன்பிருந்தே நாள்தோறும் கொடுத்தார்கள். மிக மெலிந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு நிறை கூடவில்லை. ஓரளவு உடல்வாகுள்ளவர்களின் பிள்ளைகளுக்கே கூடியது. கர்ப்பகாலச் சீனி வருத்தம் மட்டும் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. பெரிய நன்மை அது. தாயின் இரத்தத்தில் ஏறும் சீனி பிள்ளையையும் பாதிக்கும். ஆனால் பிள்ளைகளை ஐந்து முதல் பத்து வயதுக்குள் திரும்பச் சோதித்தபோது, ஊட்டம் பெற்ற தாய்மாரின் பெண்பிள்ளைகளுக்கு உடற்கொழுப்பு சற்றுக் கூடியிருந்தது. ஆண்பிள்ளைகளில் அப்படியில்லை. இரத்த அழுத்தம் போன்ற மற்ற அளவுகளில் வித்தியாசமும் இல்லை.

இதைப் படித்துவிட்டு "அப்ப கர்ப்பிணிக்குக் குடுக்காம விடுவமா?" என்று யாரும் கேட்கக் கூடாது. கொடுக்கத்தான் வேண்டும். பிறந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். டெல்லியில் பிறப்பிலிருந்து தொடர்ந்து பார்க்கப்பட்டவர்களில், இரண்டு வயதுவரை மெலிந்திருந்து பிறகு வேகமாகப் பருத்தவர்களுக்கே சீனிக் கோளாறு கூடுதலாக இருந்தது. மெலிந்த பிள்ளையைப் பால்மாவும் பிஸ்கட்டுமாகக் கொழுக்க வைக்கும் மூத்தம்மாமார் நம்மிடம் குறைவில்லை.

தொடங்கும் இடமும் கிளினிக் அல்ல. எங்கள் வழக்கத்தில் மருமகன்தான் பெண்வீட்டுக்கு வருகிறார். பிள்ளைத்தாச்சியைக் கவனிப்பது பெற்ற உம்மா. இருந்தும் வாவி மீனின் நடுத்துண்டு மருமகனின் கோப்பைக்குத்தான் போகிறது. என் வகுப்பில் இருக்கும் பெண்பிள்ளைகளில் எத்தனையோ பேர் காலையில் வெறும் பிளேன்டியோடு வருகிறார்கள். இன்னும் ஏழெட்டு வருடத்தில் அவர்கள்தான் தாய்மார்.