சாவித்துளைத் தோட்டம்

நாற்புறமும் தென்னாப்பிரிக்காவால் சூழப்பட்ட சிறிய மலைநாடு லெசோத்தோ. அதன் மிகத் தாழ்வான இடமே கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. சரிவுகளில் பாயும் மழைநீர் மேல்மண்ணை அரித்துச் செல்கிறது. குளிர்காலத்தில் உறைபனி பயிர்களைக் கருக்கிவிடும். ஆண்களுள் பலர் தலைமுறை தலைமுறையாகத் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களுக்கு வேலை தேடிச் சென்றனர். பின்னர் எய்ட்ஸ் நோய் பரவியது. பெற்றோரை இழந்த குழந்தைகள் பலர் பாட்டிமாரின் பொறுப்பில் வளர்ந்தனர். குனிந்து மண்ணைக் கொத்த இயலாத மூதாட்டி, பேரக்குழந்தைகளுக்குக் கீரை வளர்ப்பது எவ்வாறு? இக்கேள்விக்கு விடையாக அந்நாட்டில் பரவியதே சாவித்துளைத் தோட்டம்.

இது கற்களை அடுக்கி இடுப்பளவு உயரத்தில் எழுப்பப்படும் வட்டப் பாத்தி. இதன் விட்டம் ஏறத்தாழ 2 மீட்டர். ஒரு பக்கத்திலிருந்து குறுகிய வழி ஒன்று மையத்தை நோக்கிச் செல்லும். மேலிருந்து நோக்கினால் பழைய பூட்டின் சாவித்துளை போலத் தோன்றும், பெயர்க்காரணம் அதுவே. அவ்வழியில் நின்றவாறே நடவும் களையெடுக்கவும் பறிக்கவும் முடியும்.

இதன் நுட்பமெல்லாம் நடுவிலுள்ள கூடையில்தான் உள்ளது. குச்சிகளை வட்டமாக நட்டு, உட்புறம் காய்ந்த புல்லைச் செருகி அக்கூடையை அமைப்பர். காய்கறித் தோலும் பிற சமையலறைக் கழிவும் அதில் இடப்பட்டு மட்கி எருவாகும். பாத்திரம் கழுவிய நீரையும் அதிலேயே ஊற்றுவர். எருவின் சத்தைக் கரைத்துக்கொண்டு அந்நீர் மண்ணுக்குள் கசியும். மையத்திலிருந்து ஓரம் நோக்கி மண்ணைச் சரிவாக இட்டிருப்பதால் ஈரம் எல்லாச் செடிகளுக்கும் சென்றடையும். தமிழகக் கிராமங்களிலும் கழுவுநீர் கொல்லைப்புற வாழைக்குப் பாய்வதுண்டு. ஆயினும் எருக்குழி வேறோர் இடத்தில் இருக்கும். இங்கோ இரண்டும் ஒரே கூடையில் கூடுகின்றன.

பாத்தியின் அடியில் கற்களும் துருப்பிடித்த தகர டப்பாக்களும் பரப்பப்படும். தேங்கும் நீர் வடிய அவை உதவும். அவற்றின்மேல் காய்ந்த புல், சாணம், சாம்பல், மண் ஆகியன மாறி மாறி அடுக்கப்படும். சுற்றுச்சுவரின் கற்கள் பகல் வெயிலின் வெப்பத்தை ஏற்று, இரவில் மெல்ல வெளிவிடும். கீரையும் கேரட்டும் வெங்காயமும் குளிரைத் தாங்கி வளர இதுவும் ஒரு காரணம்.

கல் சுமக்கும் வேலை மூதாட்டியால் ஆகாது. அதனை அண்டை வீட்டார் கூடிச் செய்து கொடுப்பர். உள்ளிருக்கும் புல்லும் சாணமும் மட்க மட்கப் பாத்தி தாழும். அப்போது புதிதாக எருவும் மண்ணும் இட்டு நிரப்ப வேண்டும்.