ஆளுக்கொரு த்ராட்டில்

பெஜோ 205 ஜி.டி.ஐ. 1984-ல் வந்தபோது அதில் இருந்தது 1.6 லிட்டர் இன்ஜின். 1986-ல் 1.9 லிட்டர் வந்தது, 130 குதிரைத்திறன். சின்னக் குடும்பக் காருக்குள் வேகமான இன்ஜினை வைத்து விற்கும் ‘ஹாட் ஹாட்ச்’ வகையில் இன்றைக்கும் பேர் சொல்லும் வண்டி இது. எடை ஒரு டன்கூட வராது. இதை வைத்திருப்பவர்களில் பலருக்கு ஓர் ஆசை உண்டு: கம்பெனி கொடுத்த ஒற்றை த்ராட்டிலைக் கழற்றிவிட்டு, சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு மாட்டிவிட வேண்டும். கையைக் கடிக்கும் வேலை. அதனால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

த்ராட்டில் என்பது ஆக்ஸிலேட்டர் கேபிளோடு சேர்ந்து திரும்பும் ஒரு வட்டத் தகடு. இன்ஜினுக்குள் எவ்வளவு காற்று போகலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. 205-ல் அந்தத் தகட்டைத் தாண்டியதும் பிளீனம் என்ற அலுமினியப் பெட்டி. அங்கிருந்து நான்கு குழாய்கள் பிரிந்து சிலிண்டர்களுக்குப் போகின்றன. மிதித்தால் காற்று முதலில் பெட்டியை நிரப்பிவிட்டுத்தான் சிலிண்டருக்கு வரும். காலை எடுத்தாலும், பெட்டியில் மிச்சமிருக்கும் காற்று தீரும்வரை இன்ஜின் இழுத்துக்கொண்டே இருக்கும். கண் சிமிட்டும் நேரம்தான், ஆனால் ஓட்டுபவரின் காலுக்கு அது தெரியும். நான்கு த்ராட்டில் போட்டால் ஒவ்வொரு தகடும் அதனதன் வால்வுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. நடுவில் நிரப்ப வேண்டிய இடம் மிகக் கொஞ்சம். பிக்கப் உடனே கிடைக்கும்.

குதிரைத்திறன் கூடுமா? மற்றதெல்லாம் கம்பெனி சாமான்களாகவே இருந்தால், சொல்லிக்கொள்ளும்படி கூடாது. த்ராட்டில் காற்றை வரவேற்கலாம், உள்ளே விடவேண்டியது வால்வும் அதைத் திறக்கும் கேம் ஷாஃப்டும். ஆகவே முதல் பணம் சிலிண்டர் ஹெட்டுக்கும் கேமுக்கும் போகவேண்டும் என்பது என் கட்சி.

அந்தக் கேம் வரும்போதுதான் நான்கு த்ராட்டிலின் அருமை புரியும். அதிக ஆர்.பி.எம்.மில் சக்தி தரும் கேம், வால்வுகளை நீண்ட நேரம் திறந்து வைத்திருக்கும். எக்ஸாஸ்ட் வால்வு மூடுமுன்னே இன்டேக் வால்வு திறந்துவிடும். ஐடிலிங்கில் பிளீனத்துக்குள் வெற்றிடம் பலமாக இருப்பதால், எரிந்த புகை பின்னோக்கி அதற்குள் இழுபடுகிறது. ஒரு சிலிண்டர் கக்கியதைப் பக்கத்து சிலிண்டர் குடிக்கிறது. வண்டி நின்ற இடத்தில் குலுங்கும், அணைந்தும் போகும். தனித்தனி த்ராட்டிலில் இந்தத் தொற்று கிடையாது. அதோடு, தகட்டுக்கும் வால்வுக்கும் நடுவிலுள்ள சிறிய இடம் அடுத்த இன்டேக் வருவதற்குள் காற்றால் நிரம்பிவிடும். புகையை இழுக்கும் வெற்றிடமே குறைந்துபோகும். முரட்டுக் கேமும் ஓரளவு சாதுவாக நிற்கும்.

பெஜோவே இதைச் செய்து காட்டியிருக்கிறது. 1988-ல் வந்த 205 ராலியில் வெறும் 1294 சி.சி. இன்ஜின். அதில் இரட்டைத் தொண்டை வெபர் கார்புரேட்டர்கள் இரண்டு, அதாவது சிலிண்டருக்கு ஒரு த்ராட்டில். கூடவே அதற்கேற்ற கேம். 103 குதிரைத்திறன் வந்தது. லிட்டருக்கு ஏறக்குறைய 80, 1.9 ஜி.டி.ஐ.யில் அது 68-தான்.

இன்னொரு லாபம் குழாயின் நீளத்தில் இருக்கிறது. இன்டேக் வால்வு திறந்து பிஸ்டன் இழுக்கும்போது ஓர் அழுத்தக் குறைவு அலை, குழாயின் திறந்த வாய் வரை ஓடி, அழுத்த அலையாகத் திரும்பி வருகிறது. வால்வு மூடுவதற்குள் அது வந்து சேர்ந்தால் கொஞ்சம் கூடுதல் காற்று உள்ளே திணிபடும். வால்விலிருந்து குழாய் வாய் வரை 35 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். போய்வர 70 செ.மீ.; ஒலியின் வேகத்தில் 2 மில்லி செகண்ட். 6000 ஆர்.பி.எம்.மில் கிராங்க் ஒரு சுற்று சுற்ற 10 மில்லி செகண்ட், ஆகவே அலை போய்வருவதற்குள் கிராங்க் 72 டிகிரி திரும்பியிருக்கும். குழாய் நீண்டால் பலன் குறைந்த ஆர்.பி.எம்.மில் கிடைக்கும், குறுகினால் மேலே நகரும். நான்கு த்ராட்டிலின் முன்னால் செருகும் வாய் விரிந்த குழாய்களை, அதாவது டிரம்பெட்டுகளை, மாற்றி மாற்றிப் பார்க்க முடிவது இதனால்தான். பந்தயக் காரின் படத்தைப் பார்த்து மிகக் குட்டையாக வாங்குபவர்கள், ஊருக்குள் ஓட்டும்போது வருந்துவார்கள்.

மாட்டுவது ஒரு வார இறுதி வேலையாகக்கூட இருக்கலாம். உண்மையான வேலை எலெக்ட்ரானிக்ஸில். 205-ன் போஷ் எல்-ஜெட்ரானிக் இன்ஜெக்‌ஷன், காற்று தள்ளித் திறக்கும் ஒரு மடலைப் பார்த்துப் பெட்ரோலை அளக்கிறது. நான்கு தனி வாய்களில் அந்த மடலை எங்கே வைப்பது? எனவே இன்ஜினைக் கட்டுப்படுத்தும் புதிய கணினி, அதாவது இ.சி.யு., வேண்டும். கிராங்கில் பல் சக்கரமும் சென்சாரும் வைத்தால், டிஸ்ட்ரிபியூட்டரை நம்பாமல் இக்னிஷனையும் அதுவே பார்த்துக்கொள்ளும். பெட்ரோல் அளவை த்ராட்டில் கோணத்தையும் ஆர்.பி.எம்.மையும் வைத்துக் கணக்கிடும். இதில் ஒரு சிக்கல்: 2000 ஆர்.பி.எம்.மில் தகடு கால்வாசி திறந்தாலே காற்று கிட்டத்தட்ட முழுசாகப் போய்விடும். ஆரம்ப டிகிரிகளில்தான் எல்லாம் நடக்கிறது. இந்தக் கணக்கின் அட்டவணையான மேப்பின் கட்டங்களை அந்த இடத்தில் நெருக்கமாகப் போட வேண்டும். இதை அவசரமாக முடித்த வண்டி, டிராஃபிக்கில் வெட்டி வெட்டிப் போகும்.

பிறகு சமன் செய்வது. நம்மூரில் ராஜ்தூத் 350 வைத்திருந்தவர்களுக்கு இரண்டு கார்புரேட்டரை ஒத்துப்போக வைக்கும் பாடு தெரியும். இங்கே நான்கு. காற்றோட்டம் காட்டும் சின்ன மீட்டரை ஒவ்வொரு வாயிலும் வைத்து, முள் ஒரே இடத்தில் நிற்கும்வரை திருகுகளைத் திருப்ப வேண்டும். முதலில் ஐடிலிங்கில், பிறகு கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுத்து. இரண்டிலும் ஒத்துவராவிட்டால் இணைப்புக் கம்பியில் ஆட்டம் இருக்கிறது என்று பொருள்.

பலர் மறப்பது பிரேக் பூஸ்டர். அதற்கான வெற்றிடம் பிளீனத்திலிருந்துதான் வந்தது. இப்போது நான்கு குழாயிலிருந்தும் மெல்லிய டியூப் எடுத்து, ஒருவழி வால்வோடு ஒரு சிறு டாங்கில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் பிரேக் பெடல் கல்லாகிவிடும். ஃபில்டர் இல்லாமல் டிரம்பெட் வாயைத் திறந்து வைப்பது, பார்க்க அழகு. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் தூசிதான் சாப்பாடு.

செலவைக் குறைக்க நினைப்பவர்கள் ஜப்பானிய சூப்பர் பைக்குகளின் பழைய த்ராட்டில்களைத் தேடுவார்கள். நாலு சிலிண்டர் பைக்குகளில் இந்த ஏற்பாடு வழக்கமானது. ஆனால் பைக் சிலிண்டர்கள் நெருக்கமாக இருப்பவை. செட்டைப் பிரித்து, 205-ன் இடைவெளிக்கு ஏற்ப மறுபடி கோக்க வேண்டும்.

பிரிட்டனில் 1986 ஆகஸ்டுக்கும் 1992 ஜூலைக்கும் இடையில் சாலைக்கு வந்த கார்களுக்கு எம்.ஓ.டி. எனும் வாகனத் தகுதிச் சோதனையின் புகைப் பரிசோதனையில் கார்பன் மோனாக்ஸைடு 3.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1200 பி.பி.எம். வரை அனுமதி உண்டு. கார்பன் மோனாக்ஸைடை மேப்பில் சரிசெய்துவிடலாம். முரட்டுக் கேம் போட்டவர்களை ஹைட்ரோகார்பன் எண் படுத்தும்.

கடைசியாக, இந்த வண்டிக்கே உரிய ஒரு விஷயம். வளைவில் வேகமாகப் போகும்போது சட்டென்று காலை எடுத்தால் 205-ன் பின்பக்கம் வெளியே வீசும். பழைய பிளீனம் அந்த வெட்டைச் சற்று மெதுவாக்கி வந்தது. நான்கு தகடுகளும் ஒரே நொடியில் மூடும்போது அந்த மெத்தை இருக்காது. முதல் சில நாட்கள் ஈரச் சாலையில் நிதானமாகப் போங்கள். மேப் போடுபவரிடம், கால் எடுத்த மறுகணமே பெட்ரோலை அடியோடு நிறுத்தாமல் சற்றுத் தாமதித்து நிறுத்தும்படி கேட்டு வாங்குங்கள். கேபிள் இழுக்கும் சக்கரத்தை முட்டை வடிவில் வாங்கினால், ஆரம்ப டிகிரிகள் மெதுவாகத் திறக்கும், மூடும்.