தீக்கோளமும் மருந்துப் பீப்பாயும்

பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டில் பலகையும் காயும் கட்டாயமில்லை. நடத்துநர் ஒருவர் கதையையும் களத்தையும் சொல்லிவர, மற்றவர்கள் வீரனாகவோ மந்திரவாதியாகவோ பேசி ஆடுவார்கள். முடிவு நிச்சயமில்லாத செயலுக்குப் பகடை உருளும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி 1974இல் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகைக்கு முன்னோடி. ஆடுபவர் எதையும் செய்ய முயலலாம் என்பதால், எத்தனை நூறு பக்கம் விதி எழுதினாலும் எங்கோ ஒரு வாசகம் இரண்டு பொருள் தந்துவிடும்.

சாத்தூர், சிவகாசி வட்டாரத்தாருக்குச் சட்டெனப் பிடிபடும் ஓர் எடுத்துக்காட்டு: 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் மந்திரவாதி ‘ஃபயர்பால்’ என்ற தீக்கோளத்தை ஏவலாம். அது 20 அடி ஆரத்துக்குள் இருப்பவர்களைச் சுடும். யாரும் அணியாத, சுமக்காத எரிபொருள்களையும் பற்றவைக்கும். அங்கே கருமருந்துப் பீப்பாய் ஒன்று இருந்தால் என்ன ஆகும்? இடுப்பில் மருந்துக் குடுவை கட்டிய ஒருவன் நின்றால்?

குடுவை பற்றாது, அணிந்த பொருளுக்கு விதியிலேயே விலக்கு இருக்கிறது. பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவர் கேட்டால் சிரிப்பார். ஆனால் ஒவ்வொரு தீக்கோளத்துக்கும் சட்டை, கயிறு, ஏடு என்று எல்லாவற்றையும் கணக்குப் பார்த்தால் ஆட்டம் நகராது. அதைத் தவிர்ப்பதுதான் விலக்கின் நோக்கம் என்று கொள்வதே பொருத்தம்.

பீப்பாய்தான் சிக்கல். மருந்து நிறைந்த கலனில் தீப்பட்டால் வெடிக்கக்கூடும், பீப்பாயானால் 10 அடிக்குள் இருப்பவர்களுக்கு ஏழு பகடை அளவு சேதம் என்கிறது நடத்துநர் கையேடு. ‘வெடிக்கக்கூடும்’ என்பது உறுதியா, வாய்ப்பு மட்டுமா? வாய்ப்பு என்றால் அதை முடிவுசெய்யப் பகடை எதுவும் சொல்லப்படவில்லை. இங்கே மருந்தறை அறிவு கைகொடுக்கும். திறந்து கிடக்கும் கொஞ்சம் கருமருந்து சீறி எரிந்து அடங்கும். அதையே காகிதக் குழாயில் இறுக அடைத்தால் வெடிக்கும். விதியும் ‘நிறைந்த கலன்’ என்றே பேசுகிறது. ஆகவே மூடிய பீப்பாய் வெடிக்கும், தரையில் சிந்திய மருந்து எரியும் என்று தீர்ப்பது வாசகத்துக்கும் முரணில்லை, இயற்கைக்கும் முரணில்லை.

பொது விதியும் தனி விதியும் மோதினால் தனி விதியே செல்லும் என்பதை ஆட்டக்காரர் கையேடு தெளிவாகச் சொல்லிவிடுகிறது. எழுத்தா நோக்கமா என்ற கேள்வி அவ்வளவு எளிதில் தீராது. இவ்விளையாட்டுக்கான ‘டிராகன்’ இதழில் 1979இல் தொடங்கிய ‘சேஜ் அட்வைஸ்’ பகுதி இத்தகைய ஐயங்களுக்கு விடை சொல்லவே வந்தது.

நோக்கத்தைப் பிடித்து விதியை வளைப்பது விளையாட்டுக்கு மட்டும் உரியதல்ல. தீபாவளியன்று இரவு 8 முதல் 10 மணி வரைதான் பட்டாசு வெடிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று ஆணையிட்டது. தமிழகத்தில் தீபாவளி விடியற்காலைப் பண்டிகை. மாநில அரசு முறையிட்டதும், இரண்டு மணி நேரம் என்ற அளவு மாறாமல் வேளையை மட்டும் மாற்றிக்கொள்ள நீதிமன்றம் இசைந்தது. அவ்வாண்டு காலை 6 முதல் 7 மணியும் இரவு 7 முதல் 8 மணியும் குறிக்கப்பட்டன.

மேசை விளையாட்டில் நீதிமன்றம் நடத்துநர்தான். ஆட்டத்தை நிறுத்தி ஒரு மணி நேரம் வாதாடுவதைவிட, அப்போதைக்கு ஒரு முடிவு சொல்லிவிட்டு ஆட்டம் முடிந்தபின் நூலைப் புரட்டுவது நல்ல நடத்துநரின் வழக்கம். ஆடுபவர்களின் தீக்கோளத்துக்குச் சொன்ன தீர்ப்பு, அடுத்த வாரம் எதிரி மந்திரவாதி அவர்களுடைய பீப்பாய்மீது ஏவும் தீக்கோளத்துக்கும் பொருந்தும்.