கைமாறிய வேடங்கள்

சினிமாப் பேச்சில் நம்மவர்களுக்கு அலுக்கவே அலுக்காத விஷயம் ஒன்று உண்டு. “இந்த வேடம் முதலில் அவருக்குத்தான் வந்ததாம். வேண்டாம் என்று விட்டுவிட்டாராம். இவர் நடித்தார், எங்கேயோ போய்விட்டார்!” சொல்லி முடித்ததும் ‘எல்லாம் நேரம்’ என்று ஒருவர் பெருமூச்சு விடுவார். பக்கத்தில் இருப்பவர் ‘கொடுப்பினை வேண்டுமே!’ என்பார். மாதுங்காவில் காபிக்குக் கூடினாலும் சரி, செம்பூரில் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் சரி, இது தவறாது. எனக்கு இந்த நேரம், கொடுப்பினைக் கணக்கில் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. ஐம்பது வருஷத்துக்கு மேலாக மும்பையில் இருந்துகொண்டு இந்திப் படங்களைப் பார்த்தும், அவற்றைப் பற்றிப் படித்தும் வந்ததில் எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன்.

பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் ‘ஷோலே’யில் வந்து நிற்கும். கப்பர் சிங் வேடத்துக்கு முதலில் பேசப்பட்டவர் டேனி டென்ஸோங்பா. ஆனால் அவர் ஏற்கெனவே பெரோஸ் கானின் ‘தர்மாத்மா’வுக்குத் தேதி கொடுத்திருந்தார். அந்தப் படத்துக்கு ஆப்கானிஸ்தானில் படப்பிடிப்பு. ‘ஷோலே’க்கோ பெங்களூருக்குப் பக்கத்தில் ராமநகரத்துப் பாறைகளுக்கு நடுவே. ஒரே ஆள் இரண்டு இடத்தில் நிற்க முடியுமா? டேனி முதலில் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். இதை ‘மறுத்தார்’ என்று சொல்வதே பொருந்தாது. ‘தர்மாத்மா’வும் 1975-இல் வெளிவந்து நன்றாக ஓடிய படம்தான். டேனியும் அதற்குப் பிறகு பல வருஷங்கள் முன்னணி வில்லனாக இருந்தார்.

வேடத்தைப் பெற்ற அம்ஜத் கானுக்குக் கிடைத்தது வெறும் பூமாலை என்று நினைத்தால் அதுவும் சரியில்லை. பழைய நடிகர் ஜெயந்த்தின் மகன் அவர். நாடக மேடையில் தெரிந்த முகம், திரையில் பெயர் இல்லை. அவருடைய குரலில் கனம் போதாது, ஆளை மாற்றிவிடலாமா என்ற பேச்சு படப்பிடிப்பின்போதே எழுந்தது. அவரைச் சிபாரிசு செய்த கதாசிரியர்கள் சலீம், ஜாவேத் இருவருக்குமே அந்தச் சந்தேகம் வந்தது. இயக்குநர் ரமேஷ் சிப்பி மாற்றவில்லை. பிறகு நடந்தது ஊருக்கே தெரியும்: படம் மினர்வா தியேட்டரில் ஐந்து வருஷத்துக்கு மேல் ஓடியது, ‘போதாத’ அந்தக் குரல் வசனத் தட்டுகளாக விற்றுத் தெருவெல்லாம் கேட்டது. ஆனால் அந்தப் பேச்சு அம்ஜத் கான் காதுக்கு எட்டியிருந்தது. சலீம்-ஜாவேத் எழுதிய எந்தப் படத்திலும் அவர் மறுபடி நடிக்கவில்லை. மகனுடைய வெற்றியைப் பார்க்கத் தந்தை ஜெயந்த்தும் இல்லை. படம் வெளிவருவதற்கு இரண்டு மாதம் முன்புதான் காலமானார்.

டேனி நடித்திருந்தால் வேறொரு கப்பர் சிங் வந்திருப்பான். அவன் எப்படி இருந்திருப்பான் என்று யாரால் சொல்ல முடியும்? நாம் ‘கோட்டை விட்டார்’ என்று சொல்கிற வேடம், வந்தவர் நடித்துக் காட்டிய பிறகு உண்டானது. விட்டவர் கைக்கு அது அந்த உருவத்தில் வந்ததே இல்லை.

இந்த மாதிரிக் கைமாறல்கள் இந்திப் படவுலகில் இவ்வளவு மலிந்ததற்குத் தொழில்முறையிலேயே காரணம் இருக்கிறது. ஆதியில் பாம்பே டாக்கீஸ், நியூ தியேட்டர்ஸ் போன்ற கம்பெனிகளில் நடிகர்கள் மாதச் சம்பளக்காரர்கள். முதலாளி போடச் சொன்ன வேஷத்தைப் போட வேண்டியதுதான். நாற்பதுகளில் அந்த ஏற்பாடு ஆட்டம் கண்டது. படத்துக்கு இவ்வளவு என்று பேசி, முன்பணம் வாங்கி, தேதி கொடுக்கும் முறை வந்தது. ஒரே நேரத்தில் பல படங்கள், காலையில் ஓர் இடம், மாலையில் ஓர் இடம். ஒரு படம் தள்ளிப்போனால் நாலு படங்களின் தேதி கலையும். கதை பிடிக்காமல் விட்ட வேடங்களைவிடத் தேதி இடித்ததால் போனவையே அதிகம் என்பது என் எண்ணம்.

சம்பளக் காலத்திலும் வேடம் கைமாறாமல் இல்லை, காரணம்தான் வேறு. 1936-இல் பாம்பே டாக்கீஸ் ‘ஜீவன் நையா’ எடுத்துக்கொண்டிருந்தபோது கதாநாயகன் நஜ்முல் ஹசனும் கதாநாயகி தேவிகா ராணியும் சேர்ந்து ஊரைவிட்டே கிளம்பிப் போய்விட்டார்கள். தேவிகா ராணி முதலாளி ஹிமான்ஷு ராயின் மனைவி! அவர் திரும்பி வந்தார். ஹசனுக்கு வேலை போயிற்று. ராயின் கண் பட்டது, மாலாட் ஸ்டுடியோவின் லேபரட்டரியில் ஃபிலிமோடு மல்லாடிக்கொண்டிருந்த ஒரு பையன்மேல். நடிப்பே வேண்டாம் என்று ஒதுங்கிய அந்தப் பையன்தான் அசோக் குமார்.

(லீவ் வேகன்ஸி என்றால் நமக்குத் தெரியாதா! நான் 1971-இல் பம்பாய் வந்து முதலில் உட்கார்ந்த நாற்காலியே அதுதான். பிரசவத்துக்குப் போன டைப்பிஸ்ட் அம்மாள் திரும்பி வரவில்லை. நான் முப்பத்து நாலு வருஷம் அங்கேயே இருந்துவிட்டேன். என்னை யாரும் அதிர்ஷ்டசாலி என்று சொன்னதில்லை. காலை எட்டரை மணி லோக்கலில் ஏறிப் பார்த்தவர்கள் சொல்லவும் மாட்டார்கள்.)

அசோக் குமாரை இங்கே இழுத்ததற்குக் காரணம் உண்டு. 1949-இல் பாம்பே டாக்கீஸுக்காக அவர் தயாரித்து நடித்த ‘மஹல்’ படத்தில் கதாநாயகியாக முதலில் பேசப்பட்டவர் சுரையா. இயக்குநர் கமால் அம்ரோஹி பிடிவாதமாக இன்னொரு பெண்ணைக் கேட்டார். பதினாறு வயது மதுபாலா. அந்த ஒரு படம் அவரை எங்கே கொண்டுபோய் வைத்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. ‘முகல்-ஏ-ஆஸம்’ கூட நாற்பதுகளில் நர்கிஸை வைத்துத் தொடங்கி, அக்பராக நடித்த சந்திரமோகன் இறந்துபோய், நின்று, பிறகு மதுபாலாவிடம் வந்த படம்தான். ஆக, அடுத்தவர் விட்ட இடத்தில் வந்து நின்றவர் மதுபாலா. அவர் விட்ட இடத்தின் கதைதான் எனக்கு இவற்றில் எல்லாம் மனதைத் தொடுவது.

பி.ஆர். சோப்ரா ‘நயா தௌர்’ எடுக்கக் கிளம்பியபோது, ஜட்கா ஓட்டும் ஷங்கர் வேடத்தைத் திலீப் குமார் ஏற்கவில்லை. கதை கேட்கவே மறுத்தார். சோப்ரா அசோக் குமாரிடம் போனார். அசோக் குமார், “என்னைப் பார்த்தால் கிராமத்தான் மாதிரியா இருக்கிறது?” என்கிற தோரணையில் தாமும் விலகிக்கொண்டு, திலீப் குமாரிடம் தாமே பேசிச் சம்மதிக்க வைத்தார். இரண்டு பேர் தள்ளிய வேடம் அது! அதற்குத்தான் திலீப் குமாருக்கு ஃபிலிம்ஃபேர் பரிசு கிடைத்தது. நாயகியாக மதுபாலாவுக்கு 30,000 ரூபாய் முன்பணம் கொடுத்துப் படப்பிடிப்பும் தொடங்கியது.

பிறகு வெளிப்புறப் படப்பிடிப்பு என்றார்கள். போபாலுக்கு அருகே புத்னி என்ற ஊர், பல வாரங்கள் தங்க வேண்டும். மதுபாலாவின் தந்தை அதாவுல்லா கான் அனுப்ப முடியாது என்றார். மகளும் திலீப் குமாரும் காதலிக்கிறார்கள் என்பது அப்போது ஊரறிந்த செய்தி. காதலர்களைச் சேர்த்துவைக்கவே இந்த ஏற்பாடு என்று தந்தைக்குச் சந்தேகம். ஒன்பது வயதிலிருந்து சம்பாதித்துப் பெரிய குடும்பத்தைத் தாங்கிய பெண். தந்தை சொல்லை மீறவில்லை.

சோப்ரா நாயகியை மாற்றினார். சும்மா மாற்றவில்லை. பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, அதில் மதுபாலா பெயரைக் குறுக்கே அடித்து, வைஜயந்திமாலா பெயரைப் போட்டார். பதிலுக்கு அதாவுல்லா கான் மகளுடைய படங்களின் பட்டியலை விளம்பரமாகப் போட்டு ‘நயா தௌர்’ பெயரை அடித்துக் காட்டினார். முன்பணத் தகராறு நீதிமன்றத்துக்குப் போனது. திலீப் குமார் சோப்ரா பக்கத்துச் சாட்சியாகக் கூண்டில் ஏறினார். தாம் மதுபாலாவைக் காதலிப்பதையும் அங்கே ஒப்புக்கொண்டார் என்று அன்று பேசாத பத்திரிகை இல்லை. 1957 ஆகஸ்ட் 15-இல் படம் வெளிவந்து பெரும் வெற்றி பெற்றது. பிறகு சோப்ரா வழக்கைக் கைவிட்டார். காதல் அதற்குள் முறிந்து போயிருந்தது. ‘முகல்-ஏ-ஆஸம்’ மட்டும் முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தது. நேரில் பேசிக்கொள்ளாத இருவரும் காமிராவுக்கு முன்னால் சலீமும் அனார்கலியுமாக உருகினார்கள். 1960-இல் வெளிவந்த அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த விளம்பரத்துக் கோடுதான் ஞாபகம் வரும்.

இதில் நம் பக்கத்துச் செய்தி ஒன்றும் உண்டு. 1954-இல் எஸ்.எஸ். வாசனின் ‘பஹுத் தின் ஹுவே’ படத்துக்காக மதுபாலா சென்னைக்கு வந்திருந்தபோதுதான் படப்பிடிப்பில் ரத்த வாந்தி எடுத்தார். இதயத்தில் பிறவி ஓட்டை என்று தெரிந்தது. ‘நயா தௌர்’ சண்டை நடந்த நாட்களில் அந்த நோயோடுதான் அவர் ஸ்டுடியோவுக்கும் வீட்டுக்குமாகப் போய்வந்துகொண்டிருந்தார். 1960-இல் கிஷோர் குமாரை (அசோக் குமாரின் தம்பி) மணந்தார். 1969 பிப்ரவரியில், முப்பத்தாறே வயதில் மறைந்தார். இவரைப் பற்றி ‘நல்ல வேடத்தைக் கோட்டை விட்டார்’ என்று காபிக் கோப்பையோடு சொல்ல எனக்கு வாய் வராது.

வந்து சேர்ந்த நம் திருவல்லிக்கேணிப் பெண்ணைப் பார்ப்போம். வைஜயந்திமாலாவுக்கு இப்படி வருவது இது முதல் தடவை அல்ல. பிமல் ராயின் ‘தேவதாஸ்’ (1955) படத்தில் சந்திரமுகி வேடத்துக்கு நர்கிஸ், பீனா ராய், சுரையா என்று பலரை அணுகினார்கள். எல்லோருக்கும் பார்வதிதான் வேண்டும், தாசி வேடம் வேண்டாம். கடைசியில் ‘நாகின்’ புகழ் நடனக்காரி என்று மட்டும் பெயர் வாங்கியிருந்த வைஜயந்திமாலாவிடம் வந்தது. நடித்தார். சிறந்த துணை நடிகை என்று ஃபிலிம்ஃபேர் பரிசு அறிவித்தார்கள். ‘என் வேடம் துணை வேடம் அல்ல, பார்வதிக்குச் சமமானது’ என்று சொல்லிப் பரிசை வாங்க மறுத்துவிட்டார்! மற்றவர்கள் சின்னது என்று தள்ளிய வேடத்தைச் சின்னது என்று ஒப்புக்கொள்ள அவர் தயாராக இல்லை. சொந்த மொழி அல்லாத ஒரு மொழியில் பிழைக்க வந்த இருபத்து சொச்சம் வயதுப் பெண்ணுக்கு இருந்த நெஞ்சுரத்தை நினைத்துப் பாருங்கள். அதே பெண் ‘கங்கா ஜமுனா’வில் (1961) அவதி கலந்த கிராமத்துப் பேச்சைப் பேசி நடித்து, சிறந்த நடிகைக்கான பரிசையே வாங்கினார்.

திலீப் குமாரோடு அவர் நடித்தவை ஏழு படங்கள். எட்டாவதாக வந்திருக்க வேண்டியது ‘ராம் அவுர் ஷ்யாம்’ (1967). நம்முடைய ‘எங்க வீட்டுப் பிள்ளை’தான் அது. நாகி ரெட்டி தயாரிக்க, தெலுங்கிலும் தமிழிலும் எடுத்த அதே சாணக்யா இந்தியிலும் இயக்கினார். வைஜயந்திமாலா ஒப்பந்தமானார். ஆனால் ‘சங்கர்ஷ்’ படத்தின்போது அவருக்கும் திலீப் குமாருக்கும் மனஸ்தாபம். வேடம் வஹீதா ரஹ்மானிடம் போனது. பத்து வருஷம் முன்பு மதுபாலா விலக்கப்பட்ட இடத்தில் வந்து நின்றவர் இப்போது அதே நாயகனுக்கு எதிரில் விலக்கப்பட்டார். வந்தவரோ செங்கல்பட்டில் பிறந்தவர்! 1968-இல் ‘சங்கர்ஷ்’ வெளிவந்தது. அந்த வருஷமே வைஜயந்திமாலா டாக்டர் பாலியை மணந்து படவுலகை விட்டு நடனத்தோடு நின்றுகொண்டார்.

நாகி ரெட்டிக்கு இது புதிதும் அல்ல. ‘மிஸ்ஸியம்மா’வில் (1955) முதலில் நடித்துக்கொண்டிருந்த பானுமதிக்கும் பங்காளி சக்ரபாணிக்கும் தாமதமாக வந்ததைப் பற்றித் தகராறு. பானுமதி வெளியேற, இரண்டாம் வேடத்தில் இருந்த சாவித்திரி முதல் வேடத்துக்கு வந்தார். சாவித்திரியின் வேடம் ஜமுனாவுக்குப் போனது.

திலீப் குமாரும் பெற்றுக்கொண்டே இருந்தவர் அல்ல. டேவிட் லீன் ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’வில் (1962) ஷெரீஃப் அலி வேடத்துக்கு அவரைத்தான் கேட்டார். மறுத்தார். எகிப்து நடிகர் ஓமர் ஷெரீஃப் நடித்து உலகப் புகழ் பெற்றார். தம்மைவிட அவரே அதை மிக நன்றாகச் செய்தார் என்று திலீப் குமார் தம் சுயசரிதையில் எழுதினார். பெரிய மனசு என்பார்கள். எனக்கு அது தொழில் தெரிந்தவர் பேச்சாகவே படுகிறது.

‘ராம் அவுர் ஷ்யாம்’ படத்தில் இரண்டாவது நாயகி மும்தாஜ். அதுவரை தாரா சிங் மாதிரி மல்யுத்த வீரர்களோடு சண்டைப் படங்களில் நடித்து வந்தவர், இதற்குப் பிறகு பெரிய நட்சத்திரமானார். சில வருஷம் கழித்துப் பிரகாஷ் மெஹ்ராவின் ‘ஸஞ்சீர்’ படத்துக்கு அவரைத்தான் நாயகியாகப் போட்டார்கள். அந்தப் படத்தின் நாயக வேடம் தர்மேந்திரா, தேவ் ஆனந்த், ராஜ்குமார் என்று சுற்றிவிட்டு வந்தது. நாயகனுக்குப் பாட்டே இல்லையே என்பது தேவ் ஆனந்தின் குறை. (ராஜ்குமார் மறுத்ததற்குச் சொல்லும் தலையெண்ணெய்க் கதை காபிக்கு ஆகும், கட்டுரைக்கு ஆகாது.) கடைசியில் வரிசையாகத் தோல்விப் படம் கொடுத்துக்கொண்டிருந்த ஓர் ஒல்லி மனிதரிடம் நின்றது. மும்தாஜோ, கல்யாணம் ஆகப்போகிறது, புதுப் படம் வேண்டாம் என்று விலகிக்கொண்டார். அவர் இடத்துக்கு ஜெயா பாதுரி வந்தார். படம் 1973 மே 11-இல் வெளியானது. ஜூன் 3-இல் ஜெயாவுக்கும் அமிதாப் பச்சனுக்கும் பம்பாயில் கல்யாணம். மும்தாஜின் கல்யாணம் அதற்கு அடுத்த வருஷம்தான் நடந்தது.