டிக்கெட் எடுக்காத பயணி!

வெளிநாட்டுல சீட் கிடைச்சாச்சு, விசாவும் வந்தாச்சு. 'நம்ம ஜிம்மியையும் கூட்டிட்டுப் போயிடலாம்'னு முடிவு பண்ற வேளச்சேரிவாசிகளுக்கு ஒரு வசதி உண்டு. நாய்க்கு ஏற்றுமதிச் சான்றிதழ் தர்ற மத்திய அரசு அலுவலகம் பக்கத்துப் பள்ளிக்கரணையிலேயே இருக்கு. மைக்ரோசிப், ரேபிஸ் ஊசி, கூண்டு எல்லாம் ரெடி. ஆனா, டிக்கெட்டே எடுக்காம ஜிம்மியோட பறக்கக் காத்திருக்கிற ஒருத்தரைக் கவனிச்சீங்களா? அவர்தான் மிஸ்டர் உண்ணி!

காதுக்குள்ளேயும் விரல் இடுக்கிலும் ஒட்டிக்கிட்டு ரத்தம் குடிக்கிற பழுப்பு நாய் உண்ணிக்கு நம்ம சென்னை வெயில் ரொம்பப் பிடிக்கும். அது கடிக்கும்போது 'எர்லிக்கியா கேனிஸ்' என்ற பாக்டீரியா நாயின் ரத்தத்தில் புகுந்துவிடும். காய்ச்சல், சோர்வு, சாப்பிட மறுப்பது, மூக்கில் ரத்தம் வடிவது எல்லாம் அறிகுறிகள்.

வில்லங்கமே இனிமேதான். சில வாரத்தில் காய்ச்சல் தானா தணிஞ்சிடும். கிருமியோ மாசக்கணக்கில், ஏன் வருஷக்கணக்கில்கூட உள்ளேயே பதுங்கியிருக்கும். ஜிம்மி ஜாலியா வாலாட்டிக்கிட்டே விமானம் ஏறும். போன ஊரில் நோய் மறுபடி தலைதூக்கினா, அங்குள்ள டாக்டருக்கு இது பழக்கமில்லாத நோயாகவும் இருக்கலாம்.

1935-ல் அல்ஜீரியாவில் முதலில் கண்டறியப்பட்ட இந்த நோய், வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட நாய்களைப் பலி வாங்கியது. ஜெர்மன் ஷெப்பர்டுகளுக்குத்தான் பலத்த அடி. ஆஸ்திரேலியா, 'எங்க ஊர்ல இந்தக் கிருமியே கிடையாது'ன்னு நம்பிக்கிட்டிருந்தது. 2020 மே மாதம், வெளிநாட்டுப் பக்கமே போகாத உள்ளூர் நாய்களிடம் அது இருப்பது தெரிய வந்தது. 

பறக்கும் முன்...

* நாய் துள்ளி விளையாடினாலும் ரத்தப் பரிசோதனை செய்யுங்க. உங்க கால்நடை டாக்டரையோ, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ அணுகலாம்.

* நோய் இருந்தா 'டாக்ஸிசைக்ளின்' மாத்திரை சுமார் 4 வாரம் தர வேண்டியிருக்கும். அதனால கடைசி வாரத்தில் ஓடாதீங்க. நடுவில் நிறுத்தவும் கூடாது.

* உண்ணியை நசுக்காதீங்க. இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடிச்சு நேரா இழுங்க.

* வயிறு நிறைஞ்ச பெண் உண்ணி, சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயை மட்டுமில்லை, அது படுக்கிற இடத்தையும் சுத்தம் பண்ணுங்க.

தெருவிலிருந்து தூக்கி வந்த குட்டியோ, காசு கொடுத்து வாங்கின லாப்ரடாரோ... உண்ணிக்கு எல்லாம் ஒண்ணுதான். உடம்பு சரியில்லைன்னு ஜிம்மியால வாய்விட்டுச் சொல்ல முடியாது. நாமதான் முன்கூட்டியே பார்த்துக்கணும்!